வாயை மூடிச் சிரி

குடும்பத் தோட்டத்தின் புது ஒயினைப் பற்றி எழுத வந்தவர் கிளாஸைத் தூக்கிப் பார்த்து, "மூணு திராட்சையை இவ்வளவு பக்குவமா கலந்தது யாருங்க?" என்று கேட்டார். மருமகள் பிலோமி வாயைத் திறப்பதற்குள் மாமனார் சவரியப்பன் முந்திக்கொண்டார். "நானும் எம் பயலுகளுந்தான். எங்க வீட்டுப் பொம்பளைக இதை மோந்துகூடப் பாக்க மாட்டாக."

பிலோமிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மனுஷனுக்குப் புளிப்புக்கும் துவர்ப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பன்னீர் திராட்சையின் வாசம் அமுங்காமலும், சீமைத் திராட்சை இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டாமலும் இருக்க, பீப்பாய் பீப்பாயாக வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பியவள் அவள். உப்பு வைத்துத் தேய்த்தும் அந்தக் கறை போகாமல் பல்லெல்லாம் நாவல்பழம் தின்ற நிறத்தில் கிடந்தது. அதற்காகவே ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக்கூட அவளை விட்டுவிட்டுப் போனார்கள்.

"கம்பம் பள்ளத்தாக்குல இப்படி ஒரு ஒயினா!" என்று வந்தவர் கேமராவை எடுத்தார். எல்லோரையும் கொடிப்பந்தலுக்குக் கீழே நிறுத்தினார். "குடும்பமா நல்லா சிரிங்க."

கணவன் அவள் காதோரம் குனிந்தான். "வாயை மூடிச் சிரி, என்ன?" சொன்னவனின் பல் பால் மாதிரி இருந்தது. மாமனாருடையதும் கொழுந்தனுடையதும் அப்படித்தான்.

பிலோமி வாயை மறைத்திருந்த முந்தானையை எடுத்துவிட்டு, கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியச் சிரித்தாள்.

வந்தவர் கேமராவைத் தாழ்த்தினார். முதலில் அவள் வாயைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற ஆண்களை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். ஒவ்வொரு வாயாக மூடிக்கொண்டது.