ஒரு கைப்பிடி சுத்தமான மண்

மறுபடியும் எழுந்தது.

ஆய்வகக் கருவியின் திரையில், கோடு படுத்தே கிடக்க வேண்டிய இடத்தில் கூரான ஒரு முள். அவள் மேசையை ஓங்கித் தட்டினாள். பேனா உருண்டு விழுந்தது. எடுக்கவில்லை.

ஏரிச் சேற்றில் பூச்சிமருந்து ஆலையின் நஞ்சு இருப்பதைக் கண்டுபிடித்தது அவள்தான். போன விசாரணைக்கு ஆலை வக்கீல் யாரையோ பிடித்துப் பாடம் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். சேற்றின் பிசுக்கு கருவிக்குள் படிந்து, நஞ்சின் அளவைக் கூட்டிக் காட்டுகிறதாம்.

எரிச்சல் என்னவென்றால், அந்த ஆள் சொன்னது உண்மை.

அதற்கும் வழி உண்டு. அதே ஊரின் நஞ்சில்லாத மண் வேண்டும். அதில் தெரிந்த அளவு நஞ்சைக் கலந்து ஓட்டி, ஒப்பிட்டு, பிசுக்கு செய்யும் பித்தலாட்டத்தைக் கழித்துவிடலாம்.

ஒரு கைப்பிடி சுத்தமான மண். அவ்வளவுதான் கேட்டாள்.

கோயில் தோப்பு மண்ணில் நஞ்சின் முள் எழுந்தது. பள்ளிக்கூட மைதானத்திலும். மேட்டுக்காட்டிலும்.

ஒவ்வொரு முறையும் ஊசியை மாற்றினாள், குழாயைச் சுத்தம் செய்தாள், தன்னையே திட்டிக்கொண்டாள். மண்ணே இல்லாமல் வெறும் கரைப்பானை ஓட்டினால் கோடு சமர்த்தாகப் படுத்துக்கொண்டது. கருவியின் மேல் பழி போடக்கூட வழியில்லை.

நாளை விசாரணை. அந்த மண் கிடைக்காவிட்டால் அறிக்கை குப்பைக்குத்தான்.

மண் மாதிரி எடுத்துவரும் அந்த ஊர்ச் செல்லமுத்துவுக்கு அவள் படும் பாடு பொறுக்கவில்லை. நேற்று ஒரு பாட்டிலோடும் ஒரு கட்டுக் கீரையோடும் வந்து நின்றார்.

"வீட்டுக்குப் பொறத்தால, பொடக்காளி மண்ணுங்க மேடம். மருந்துன்னு ஒரு சொட்டு பட்டதில்லீங்க. மாசமா இருக்கற எம்புள்ளைக்கு அதுல வர்ற கீரையத்தான் தெனமும் கடைஞ்சு குடுக்கறோம்."

அவளுக்குக் கைகூப்பத் தோன்றியது. ஓட்டிப் பார்க்கும் முன்பே பாட்டிலில் 'சுத்தம்' என்று எழுதி ஒட்டினாள்.

இப்போது ஓடி முள் எழுப்பியது அந்தப் பாட்டில்தான்.

பிசுக்கு இருப்பதைக் கூட்டிக் காட்டும். இல்லாததை உண்டாக்காது. இதை அவள் வக்கீலுக்காக மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

வராந்தாவில் செருப்புச் சத்தம். செல்லமுத்து சிரித்தபடி எட்டிப் பார்த்தார். கையில் இன்றும் ஒரு கட்டுக் கீரை.

"இந்தத் தடவ நேராத்தான வருதுங்க?"

விசாரணை அவளுக்கு மறந்தே போனது.

திரைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு, நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"மொதல்ல உக்காருங்ணா."