மானுக்கு விதைத்தது

காட்டோரம் மான்களுக்கென்று ரெய்னோ விதைத்திருந்த க்ளோவர் புல் வெயிலில் கருகிவிட்டது. செப்டம்பரில் மறுபடி மண்ணைக் கீறினான்.

"முட்டியும் தேஞ்சாச்சு, துப்பாக்கியையும் வித்தாச்சு. அப்புறம் யாருக்கு இந்த விருந்து?" என்றாள் மனைவி ஐலி. "சிகாகோவுக்குப் போன் பண்ணேன். இந்த நன்றித் திருநாள் வான்கோழி விருந்துக்கும் உன் மகளுக்கு லீவு இல்லையாம். உனக்கு மான்தான் கவலை!"

"மழை வருது, நகரு." விதையை வாரி இறைத்தான்.

அக்டோபரில் ஒரு காலை, கைபேசியை நீட்டியபடி ஓடிவந்தான். மரத்தில் கட்டிய கேமரா எடுத்த படம்.

"ஐலி, கொம்பைப் பாரு! பத்துக் கிளை!"

"அடேயப்பா! சரி, யாரு சுடப் போறது?"

அவன் படத்தை யாருக்கோ அனுப்பினான். காபி வடிவதற்குள் போன் அலறியது. மகள் கைசா.

"அப்பா! அதை யாரும் தொடக் கூடாது, அது என்னோடது! நவம்பர்ல வேட்டை சீசன் தொடங்குறதுக்கு முந்தின நாளே வந்துடுறேன். ஒரு வாரம் லீவு!"

ரெய்னோ சிரித்தான். "வான்கோழிக்கு மசியாதவளுக்கு வேற எதை விதைக்கிறது?"

ஐலி காலணியை மாட்டிக்கொண்டு கொட்டகைக்கு ஓடினாள்.

"எங்கே போற?"

"மிச்ச விதையை எடுக்கத்தான்! அவ வர்றதுக்குள்ள தீனி தீந்து, அது வேற காட்டுக்குப் போயிட்டா?"