வயர் செருகாத பெட்டி

டெட்ராய்ட்டின் பழைய இசைக்கருவிக் கடையில், சாய்ந்த வெயில் மின்சாரத்தில் தாளம் போடும் ஒரு சின்ன டிரம் மெஷினின் குமிழ்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கடையிலேயே விலை குறைந்த பெட்டி அதுதான். “இனிமே மேடைக்கு லேப்டாப் வேணாம், கையாலயே வாசிக்கணும்,” என்கிறான் மேடை இசைக்கலைஞன் டெரெல். சனிக்கிழமை அவன் வாசிப்புக்குக் கால் வலிக்க ஆடிய கடைக்காரி யோலாண்டா சிரிக்கிறாள். “உங்க கை பட்டா இதுவும் பேசும் தலைவா!” வயரைத் தேடி மேசைக்கு அடியில் குனிகிறாள். ஸ்பீக்கரில் தாளம் அதிர்கிறது. டெரெல் கண்ணை மூடி, தோள் குலுங்க, ஒரு குமிழை மெல்லத் திருகுகிறான்; தாளம் ஏற ஏற, மேடையில் செய்வது போலவே கையைக் காற்றில் விசிறுகிறான். “அடடா, திருகத் திருக சவுண்டு எப்படி ஏறுது பாரு!” தாளம் சட்டென்று நிற்கிறது. அதே ஸ்பீக்கரில் ஒரு குரல் மெத்தை தள்ளுபடியை அறிவிக்கிறது. டெரெல் கண்ணைத் திறக்கிறான். யோலாண்டா எதிரே நிற்கிறாள், கையில் சுருட்டியபடியே இருக்கிறது பெட்டியின் வயர். “அது கடை ரேடியோங்க,” என்கிறாள் மெல்ல. அவன் விரல்கள் இன்னும் குமிழில்தான் இருக்கின்றன. அவள் வயரைப் பிரிக்கிறாள், மறுபடி சுருட்டுகிறாள். “சனிக்கிழமை... அன்னிக்கு வயர் போட்டிருந்தீங்கல்ல?”