மூன்றாம் மிதி

குதிரைப் பந்தயப் பாதையின் வளைவில் நடுவில் நின்று வலது குதிகாலை ஓங்கி ஊன்றினான்.

புல் தாங்கியது.

அப்பாடா என்று இருந்தது.

முந்தைய ஓட்டத்தில் இந்த இடத்தில்தான் ஒரு குதிரை சறுக்கியது. விழவில்லை. மூக்கு தரையில் இடிக்காத குறையாகக் குனிந்து, எப்படியோ சுதாரித்து ஓடிவிட்டது. மேலே இருந்த ஜாக்கி அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பிழைத்தான். மதியம் கால் மணி நேரம்தான் பெய்தது, பாவி மழை. அதற்குள் செய்ய வேண்டியதையெல்லாம் செய்துவிட்டுப் போய்விட்டது.

இப்போது வெயில். மலை ஊர் வெயில், தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது போல அடித்தது.

அடுத்தது கோப்பை ஓட்டம். பதினொரு குதிரைகள். நடத்தலாமா, வேண்டாமா?

அதிகாரிகள் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டார்கள். ஓடலாம் போலத்தான் இருக்கிறது, எதற்கும் ஜாக்கிகளும் ஒருமுறை பார்த்துச் சொல்லட்டும் என்று நைசாக ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஜாக்கிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எவனுடைய குதிரை ஜெயிக்கும் என்று ஊரே சொல்கிறதோ, அவன்தான் தரையை நடந்து பார்க்க வேண்டும். ஓட்டம் ரத்தானால் அவனுக்குத்தானே இழப்பு அதிகம்? அவனே வேண்டாம் என்றால் பயந்தாங்கொள்ளி என்று எவனும் வாய் திறக்க முடியாது. அவன் சரி என்றால் மற்றவர்கள் மறுபேச்சில்லாமல் ஏறி உட்கார்ந்துவிடுவார்கள். ஆசையில் ஒருவன் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

இன்று அவன் முறை.

இருபத்திரண்டு வருடமாகக் குதிரை ஓட்டுகிறான். இந்தக் கோப்பையைத் தொட்டதில்லை. நாலு தடவை இரண்டாவதாக வந்திருக்கிறான், அதில் ஒருமுறை ஒரு குதிரைத் தலை அளவு வித்தியாசத்தில். முழங்கால் போய்விட்டது. இந்த சீசனோடு லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுவதாக மனைவியிடம் மட்டும் சொல்லியிருந்தான். கடைசி வருடத்தில் போனால் போகிறதென்று கடவுள் லில்லியைக் கொடுத்தார். கேட் திறந்ததும் முன்னால் பாய்ந்து, கடைசிவரை ஒருத்தரையும் பக்கத்தில் விடாத குதிரை. அவளுக்காகவே எடை ஏறாமல் இருக்க மூன்று மாதமாக ராத்திரிச் சாப்பாட்டை விட்டிருந்தான்.

இன்னொரு முறை ஊன்றினான். அதே இடத்தில்.

தாங்கியது.

ஓடலாம். இதைவிட மோசமான தரையில் ஓடியதில்லையா என்ன? சரி என்று கை காட்ட வேண்டியதுதான். கையைத் தூக்கவும் செய்தான், பாதி வரைக்கும்.

மனசு கேட்கவில்லை.

மூன்றாவது முறை மிதித்தான்.

வெந்த கிழங்கின் தோல் மாதிரி புல் மொத்தமாக உரிந்து வந்தது. அடியில் களிமண், பளபளவென்று. கால் ஒரு முழத்துக்கு வழுக்கிப் போனது. வேலியைப் பிடித்திராவிட்டால் உட்கார்ந்திருப்பான்.

நாலு எட்டு தள்ளிப் போய்ப் பார்த்தான். முதல் மிதிக்குத் தாங்கியது. இரண்டாவதற்கும் தாங்கியது. மூன்றாவதற்கு உரிந்தது.

புரிந்துவிட்டது. புரியாமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தான்.

லில்லி முன்னால் ஓடுகிறவள். அவள் காலுக்கு உரியாத புல் கிடைக்கும். அவளுக்கும் ஒன்றும் ஆகாது, அவனுக்கும் ஒன்றும் ஆகாது. சத்தியமாக ஆகாது. பின்னால் வருகிறவர்களுக்குத்தான் களி.

கடைசியில் வரப்போவது யார் என்பதும் தெரியும். லாசர். நொண்டாமல் ஓடினாலே பெரிது என்கிற குதிரைகள்தான் அவனுக்கு எப்போதும் வாய்க்கும். வேலிக்கு அந்தப் பக்கம் மற்ற ஜாக்கிகளோடு நின்றிருந்தான். ஹெல்மெட் வாரைக்கூட மாட்டிவிட்டான். இவன் தன்னைப் பார்ப்பதைக் கண்டு பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

"என்னண்ணே, போலாமா?"

லாசர் மேல் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவு நம்பிக்கையாகக் கேட்காமல் இருந்தால் என்ன?

அதிகாரி சேற்றைத் தாண்டித் தாண்டிப் பக்கத்தில் வந்தார்.

"சொல்லுங்க. உங்க குதிரைக்கு ஒத்துக்குமா?"

"என் குதிரைக்கு ஒத்துக்கும் சார்."

பொய் இல்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. அறிவிப்புச் செய்கிறவருக்குச் சைகை காட்டத் திரும்பினார்.

அந்த ஒரு நொடி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் போதும்.

"ஆனா வேண்டாம் சார்," என்றான். "முதல் குதிரைக்கு மட்டுந்தான் தரை இருக்கு."

ஓட்டம் ரத்து என்று ஒலிபெருக்கி சொன்னதும் கூட்டம் ஊய் என்று கத்தியது. யாரோ அவன் பெயரைச் சொல்லியே திட்டினார்கள். தூரத்தில் லில்லியின் சேணத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தான். பார்த்தால் அழுதுவிடுவான், அவ்வளவுதான்.

பின்னாலேயே லாசர் வந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

"இந்த சீசன்ல எனக்குக் கெடைச்ச ஒரே ரைடுண்ணே," என்றான். "எப்படியாவது சமாளிச்சிருப்பேன்."

"ஆமாடா. சமாளிச்சிருப்பே."

லாசருக்கு ஆறவில்லை.

"உங்களுக்கென்னண்ணே. அடுத்த வருஷமும் லில்லி இருக்கா."

நின்று, லாசரின் ஹெல்மெட் வாரைக் கழற்றிவிட்டான்.

"ஆமாடா," என்றான். "அவ இருப்பா."