பொதுச்சொத்து

"வாசிச்சது நான்தானே!"

"வாங்கினது கிப்புட்ஸ், நம்ம கூட்டுப்பண்ணை. உன் சட்டையே பொதுச்சொத்துதான், கெர்ஷோன்!"

வெள்ளி அந்திப் பாட்டுக்குக் கூடிய சாப்பாட்டுக்கூடத்தில் செயலாளர் த்சிப்போரா அவன் கையிலிருந்து அக்கார்டியனைப் பிடித்து இழுக்கிறாள். பண்ணையை விட்டுக் கிளம்பும் கெர்ஷோன் விடுவதாயில்லை. "அக்கார்டியன் இங்கேயே இருக்கட்டும்கிறவங்க கை தூக்குங்க!" என்கிறாள் அவள். பன்னிரண்டு வருஷம் அவன் வாசிக்கத் தொண்டை கிழியப் பாடியவர்கள், ஆரஞ்சு முள் கீறிய கைகளை அவனைப் பார்க்காமலே தூக்குகிறார்கள். அவன் தான் காதலிக்கும் ஹெம்தாவை மட்டும் பார்க்கிறான். கூடவே வந்துவிடுவாள் என்று இன்னும் நம்புகிறான், பாவம். மங்கிய வெளிச்சத்தில் தேநீர்க் குவளையை மெல்லக் கீழே வைத்துவிட்டு அவளும் கையைத் தூக்குகிறாள். அவன் பிடி தளர்ந்ததில் அக்கார்டியன் தானாக ஒரு சுரம் முனகுகிறது. "சரி, பாடுங்கப்பா" என்கிறாள் த்சிப்போரா. வெட்கமில்லாமல் பாடவும் செய்கிறார்கள்.

கெர்ஷோன் ஹைஃபா நகரத்துக்குத் தனியாகத்தான் போனான். ஹெம்தா கோதுமை அறுவடைக்குள் டிராக்டர்காரன் ஊரியைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தில் அக்கார்டியன் இருந்தது, வாசிக்கத்தான் ஆளில்லை.