ஓர் எழுத்தை அழிக்க

அனுப்பியாகிவிட்டது.

இனி அது அவள் கையில் இல்லை.

ஜெபராணி நாற்காலியில் சாய்ந்தாள். நாகர்கோவிலில் மழை விட்டு, ஜன்னல் கம்பிகளில் வெயில் ஏறியிருந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

‘சில்லு’ அவள் உருவாக்கிய மொழி. தமிழ்ச் சொற்களிலேயே கணினிக்குக் கட்டளை எழுத ஒரு சின்ன மொழி. கல்லூரியில் விளையாட்டாகத் தொடங்கியது. இதுவரை பழைய மேசைக் கணினிகளில் மட்டும் ஓடியது. இன்று அனுப்பிய புதிய பதிப்பு எந்தக் கைபேசியின் உலாவியிலும் ஓடும். அதற்காக அடித்தளத்தையே மாற்றி எழுதியிருந்தாள்.

அதை யாராவது பயன்படுத்துகிறார்களா என்பதே அவளுக்குத் தெரியாது.

மூன்றாம் நாள் காலை ஒரு புகார் வந்தது.

ஒரே வரி.

‘கொ அழித்தால் க நிற்கிறது.’

கீழே பெயர்கூட இல்லை.

அவளுக்குச் சுருக்கென்றது. எந்த நிரலில், எந்தக் கைபேசியில்? விவரமாக எழுதச் சொல்லிப் பதில் போட்டாள். தன் எண்ணையும் கொடுத்தாள்.

பதில் வரவில்லை. சாயங்காலம் போன்தான் வந்தது. கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ஒரு பெண். பெயர் கோகிலவாணி, பள்ளியில் கணினி டீச்சர்.

“கோவிச்சுக்காதீங்க. அவரு இன்னும் உங்களுக்குப் பதில் எழுதிட்டேதான் இருக்காருங்க.”

“யாரு?”

“எங்க வீட்டுக்காரருங்க. கண்ணாலதானுங்க எழுதறாரு.”

கணவர் சென்னியப்பன் பேருந்து நடத்துனராக இருந்தவர். நரம்பு நோய் கையை வாங்கிக்கொண்டது, காலை வாங்கிக்கொண்டது, கடைசியில் நாக்கையும். மிச்சம் கண் மட்டும்.

கன்னத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச் ஒட்டியிருக்கிறது. கண்ணை இறுக்கி மூடினால் அது அழுந்தும். திரையில் எழுத்து வரிசைகள் மேல் ஒரு வெளிச்சம் நகரும். வேண்டிய இடத்தில் அவர் கண்ணை மூட வேண்டும். முதலில் வரிசை, பிறகு எழுத்து.

அந்த நிரலைக் கோகிலவாணிதான் எழுதியிருந்தாள். சில்லுவில்.

“பழைய கம்ப்யூட்டர் இப்பெல்லாம் மத்தியானத்துக்கு மேல நின்னுருதுங்க. நின்னா, அவரு பேச்சும் நின்னுருது. அதான் போனுக்கு மாத்துனோம்.”

“அந்த ஒரு வரி…”

“நேத்துப் பூரா ஆச்சுங்க. நான் எழுதறேன்னு சொன்னேன். தப்பைக் கண்டுபுடிச்சது நான், நானேதான் சொல்லுவேன்னுட்டாரு.”

அந்த நிரலை அனுப்பச் சொன்னாள் ஜெபராணி.

நிரல் வந்து சேர்ந்தது. திறந்து படித்தாள். ஒவ்வொரு கட்டளையும் அவள் வைத்த பெயர். ஒவ்வொரு சொல்லும் அவள் வீட்டுச் சொல். ஆனாலும் முன்பின் தெரியாத ஊருக்குள் நுழைந்ததுபோல் இருந்தது.

ஓடவிட்டாள். ஸ்விட்சுக்குப் பதில் ஒரே விசையை விரலால் தட்டித் தன் பெயரை எழுதிப் பார்த்தாள்.

வெளிச்சம் நகர்ந்தது. தவறவிட்டாள். சுற்றி வரும்வரை காத்திருந்தாள். மறுபடி தவறவிட்டாள்.

‘ஜெ’ வந்தது. ‘ப’ வந்தது.

பெயர் முடிவதற்குள் டீ ஆறி ஆடை கட்டியிருந்தது.

இப்படித்தான் அவர் தண்ணீர் கேட்கிறார். இப்படித்தான் மின்விசிறியைக் குறைக்கச் சொல்கிறார். தப்பாக விழுந்த ஓர் எழுத்தை எடுக்க வெளிச்சத்தின் பின்னாலேயே அழிக்கும் கட்டம்வரை போகிறார். போய்ச் சேர்ந்தால், பாதி எழுத்துதான் போகிறது.

பிழை எங்கே என்று அவளுக்கு இப்போது தெரிந்தது. பழைய தளத்தில் எழுத்து என்றால் எழுத்து. புதிய தளத்துக்கு ‘கொ’ என்பது இரண்டு துண்டு: ஒரு ‘க’, ஒரு குறி. அழிக்கச் சொன்னால் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

திருத்தினாள். முழு எழுத்தும் போனது.

ஆனால் அடுத்த எழுத்து ஓர் இடம் தள்ளிப் போய் விழுந்தது.

எழுத்துகளின் எண்ணிக்கையும் துண்டுக் கணக்கில்தான் இருந்திருக்கிறது. இத்தனை மாதம் சோதித்துப் பார்த்தபோதெல்லாம் அவள் ஒரு தமிழ் எழுத்தைக்கூட அழித்துப் பார்க்கவில்லை. எழுதியது சரியாக விழுகிறதா என்றுதான் பார்த்தாள். எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஒருவருக்குத் தேவைப்படும் என்று தோன்றவே இல்லை.

துருவித் துருவி எல்லா இடத்திலும் மாற்றினாள். மறுநாள் மத்தியானம் புதிய பதிப்பு போனது.

கோகிலவாணி வீடியோவில் அழைத்தாள். கட்டிலுக்குப் பக்கவாட்டில் அவள் போனைச் சாய்த்து வைத்ததில், அவருடைய கன்னமும் ஒரு கண்ணும், எதிரே தாங்கியில் மாட்டிய இன்னொரு போனின் திரையும் தெரிந்தன.

வெளிச்சம் நகர்ந்தது.

கண் மூடித் திறந்தது.

‘வ.’

மறுபடி வரிசைகள். மறுபடி கண்.

‘வலி.’

“எங்கீங்க வலிக்குது? இருங்க…” கோகிலவாணி மாத்திரை எடுக்க எழுந்தாள்.

கண் இறுக மூடியது. வெளிச்சம் அழிக்கும் கட்டத்தில் நின்றிருந்தது.

‘லி’ போனது. முழுசாக.

கோகிலவாணி பாதியில் நின்றாள்.

‘வ’ மட்டும் இருந்தது. வெளிச்சம் திரும்ப மேலிருந்து இறங்கியது.

‘வண.’

‘வணக்.’

கோகிலவாணிக்குச் சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “உங்களுக்குத்தானுங்க,” என்றாள்.

‘வணக்க.’

ஜெபராணியின் கைகள் தாமாகக் கூம்பின. அவர் தன்னைப் பார்க்கவில்லை, எழுத்துகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பது பிறகுதான் உறைத்தது.

வெளிச்சம் ஒவ்வொரு வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தது.

‘ம்’ வரும்வரை அவள் கையை இறக்கவில்லை.