திருச்சியில் இரண்டு பேர்

அன்று எங்கள் வடக்குச் சித்திரை வீதி வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள்: நான், மகன் ஹ்ருஷிகேஷ், மருமகள் மாதுரி, தம்பி கோபு, காரியம் செய்துவைக்க வந்த வாத்தியார், நேரலைக்காக வந்திருந்த கலைமதி. நடுவே, தெற்கே தலை வைத்து, என் மனைவி சத்யபாமா.

என் மகள் அம்ருதா இல்லை.

பதினோரு வருஷங்களுக்கு முன் அவள் தன் இஷ்டப்படி ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டு, இதே திருச்சியில் இருக்கும் எடமலைப்பட்டி புதூருக்குப் போனாள். பெற்றவள் முகத்தில் இனி விழிக்க முடியாது என்று அன்றே சொல்லிவிட்டேன். சொன்ன சொல்லை மாற்றும் வழக்கம் எனக்கு இல்லை.

வர முடியாத சொந்தங்களுக்காக ஹ்ருஷிகேஷ்தான் நேரலைக்கு ஏற்பாடு செய்தான். சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே கலைமதிக்கு அலுவலகம். கல்யாணமானாலும் காரியமானாலும் இணையத்தில் அனுப்பித் தருவது அவள் தொழில்.

இரண்டு நிபந்தனை போட்டேன். பதிவு எதுவும் வைக்கக் கூடாது. முகத்தைக் காட்டக் கூடாது. எங்கள் வீட்டுப் பெண்ணின் முகம் ஊர் பார்க்கும் காட்சி அல்ல.

ஆகவே கேமரா கூடத்தின் கோடியில் நின்றது. அதில் வாத்தியாரின் முதுகும் ஹ்ருஷிகேஷின் கைகளும் தெரிந்தன.

கலைமதியின் மடிக்கணினி ஓரத்தில், எந்த ஊரில் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று வந்துகொண்டிருந்தது. நியூஜெர்சி ஆறு. சிங்கப்பூர் மூன்று. சென்னை ஒன்பது. திருச்சி இரண்டு.

"ஒண்ணு என் ஃபோனுங்க, படம் சரியாப் போகுதான்னு பாக்க வச்சிருக்கேன். இன்னொண்ணு யாருன்னு தெரியலைங்க" என்றாள்.

திருச்சியில் இருக்கும் எங்கள் சொந்தங்கள் அத்தனை பேரும் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள்.

கூடத்தில் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. கோபுதான் வாயைத் திறந்தான்.

"ஏண்ணா, சிங்கப்பூர்லேர்ந்து பாக்கலாம், புதூர்லேர்ந்து பாத்தா மட்டும் தோஷமா?"

ஹ்ருஷிகேஷ் பவித்திரம் போட்ட கையோடு என் எதிரே வந்து கும்பிட்டான்.

"தூக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை அவளுக்கு முகத்தைக் காமிச்சுடலாம்ப்பா. வேற எதுவும் உங்களைக் கேக்கலை."

அத்தனை பேர் முன்னிலையில், சரி என்றேன்.

கலைமதி கேமராவைக் கழற்றித் தூக்கிக்கொண்டு அருகே போனாள். மாதுரி துளசி மாலையைக் கொஞ்சம் விலக்கினாள்.

மஞ்சள் பூசிய முகம். வாய் சற்றே திறந்திருந்தது. பதினோரு வருஷமாக என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத வாய்.

"போதும்மா. நேரலையை முடிச்சுடு" என்றேன். முடித்தாள்.

மேசைமேல் இருந்த கலைமதியின் ஃபோனைப் பார்த்த மாதுரி, "ஐயோ!" என்றாள்.

அதில் இன்னும் வாத்தியாரின் முதுகுதான் இருந்தது. அதன் மேலேயே 'நேரலை முடிந்தது' என்ற வரி விழுந்திருந்தது.

"இங்க நடக்கிறது அங்க போய்ச் சேர முப்பது செகண்ட் ஆகும்ங்க. நடுவுல முடிச்சா மிச்சம் போகாது" என்று கலைமதி மாதுரியிடம் சொன்னாள். என் பக்கம் திரும்பவில்லை.

மறுபடி தொடங்கினால் எல்லாருக்கும் புது லிங்க் அனுப்ப வேண்டுமாம். ராகு காலம் வந்துவிடும் என்றார் வாத்தியார். தூக்கினார்கள்.

வீதியில் இப்போது ஒரு பேச்சு இருக்கிறது. பாவம், பெரியவருக்கு அந்த முப்பது செகண்ட் சங்கதி தெரியாது, தெரிந்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருப்பார் என்று. அம்ருதாவும் அப்படித்தான் நம்புகிறாளாம். கடைசியில் அப்பா மனசு இறங்கினாரே என்று சொல்லி அழுதாளாம்.

அது தவறு. அன்று காலை கேமராவைப் பொருத்தும்போதே கலைமதியிடம் எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

மனசுக்குள் இருபது வரை எண்ணிவிட்டுத்தான் முடிக்கச் சொன்னேன்.